ஏழாம் கலவை

ஜனவரி 9, செவ்வாய்

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. இந்த டைரியும் நான் வாங்கியதில்லை, கடைவீதி பெயிண்ட் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்தது. மானிய விண்ணப்பத்தின் ஒன்பதாம் பக்கத்தில் தினசரிச் சோதனைப் பதிவு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பட்டறையில் பெரிய பதிவேடு ஒன்று போட்டுவிட்டேன். எடை, சூடு, நேரம் எல்லாம் அதில் ஏறும். அதில் எழுத முடியாததைக் கொட்ட ஓர் இடம் வேண்டுமே, அதற்குத்தான் இது.

விஷயம் இதுதான். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பதினொரு வருடமாக நான் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிறேன். புது வீடு கட்டுகிற யாரும் இப்போது அதை மாட்டுவதில்லை. தானாக விழுந்து, தட்டினால் எழுந்துகொள்ளும் பிளாஸ்டிக் சுவிட்ச் வந்துவிட்டது. வாரத்துக்கு இரண்டு முறை எரிந்த சூளை மாதத்துக்கு இரண்டு முறை எரிகிறது. ஒன்பது பெண்களும் ஒரு சூளைக்காரரும் என்னை நம்பி வருகிறார்கள். இந்த வருடத்துக்குள் வேறு பொருள் பிடிக்காவிட்டால் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்.

வேறு பொருள் என்ன என்பதும் எனக்குத் தெரியும். சூளையின் உள்சுவரில் பதிக்கிற கல். தண்ணீரில் போட்டால் மிதக்கிற அளவுக்கு லேசாக இருக்க வேண்டும், ஆயிரத்து இருநூறு டிகிரியில் கீறல் விடக் கூடாது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் லட்சக்கணக்கில் இருந்தால் சூடு வெளியே போகாது, கேஸ் பாதி மிச்சம். இப்போது வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. நம் ஊர்க் களிமண்ணையும் அரிசி ஆலை உமிச்சாம்பலையும் வைத்தே செய்யலாம் என்பது என் பிடிவாதம். புதுப்பொருள் ஆராய்கிற சிறு தொழில்களுக்கு, தொடக்க நிலையிலேயே சென்னையில் ஒரு நிதியம் மானியம் தருகிறதாம். கடைசித் தேதி ஜனவரி 31.

பதினான்காம் கேள்வி: ‘இதுவரை உங்களுக்குத் தெரியாதவை எவை?’ எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுத்தால் எந்த மடையன் மானியம் கொடுப்பான்? ‘ஏதுமில்லை’ என்று எழுதிவிட்டேன்.

ஜனவரி 11, வியாழன்

ஐந்தாம் கலவை சூளைக்குள்ளேயே வெடித்துப் பொரியாகிவிட்டது. ஆறாம் கலவை முழுசாக வந்தது, ஆனால் வாளியில் போட்டதும் ‘தொம்’மென்று அடியில் போய் உட்கார்ந்தது. கருங்கல் ஜல்லியை வாங்கி வந்திருந்தால் இவ்வளவு பாடு வேண்டாம்.

பதிவேட்டில் ஓர் எழுத்து பொய்யாக இருந்தாலும் சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னேன். நன்றாக உறைத்திருக்கிறது. நான் உள்ளே நுழைந்தால் பேச்சுமூச்சு இல்லை. முன்பெல்லாம் ஒரே சிரிப்பும் கூத்துமாக இருக்கும். பட்டறைக்கு ஓர் ஒழுங்கு வந்துவிட்டது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். குப்பைக்கூடையின் அடியில், செய்தித்தாளில் சுற்றி, உடைந்த கண்ணாடி டம்ளர். என் வீட்டுக்காரர், இவர்தான் உடைத்திருக்கிறார். போஸ்ட் ஆபீசில் முப்பது வருடம் வேலை பார்த்த மனுஷன் ஒரு டம்ளரை இப்படி ஒளித்து வைப்பானேன்? நான் என்ன புலியா? நன்றாகக் கேட்டுவிட்டேன்.

ஜனவரி 19, வெள்ளி

இன்று தொண்டை கட்டிக்கொண்டது. காரணம் பூங்காவனம். கலவை பிசைகிறவள், ஒன்பது வருடமாக என்னிடம் இருக்கிறாள். பைண்டர் பொடியில் ஒரு கை அளவு தரையில் சிந்திவிட்டாள். மண் காய்கிறவரை உதிராமல் பிடித்து நிறுத்துகிற பசைமாவு அது. சென்னையிலிருந்து சொல்லி வரவழைக்க வேண்டும், சொன்னால் பதினைந்து நாள். உனக்கென்ன, விடிந்தால் வேறு பட்டறை, எனக்கு இது ஒன்றுதான் என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவள் குனிந்து, சிந்தியதைத் தொன்னையால் அள்ளினாள்.

டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இனிமேல் வேண்டும்போது என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

ஜனவரி 20, சனி

விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்துக்காகக் கடலூர் போனேன். வடலூர் தாண்டும்போது பையில் கையை விட்டால் அலமாரிச் சாவி. ஏழாம் கலவை இன்று பிசைந்தாக வேண்டுமே! இறங்கித் திரும்ப முடியாது, போன் போட்டால் சூளைக்காரர் தனகோடி எடுக்கவில்லை. சூளைப் பக்கம் நின்றால் அவர் காதில் எதுவும் விழாது.

சாயங்காலம் வந்து பார்த்தால் கலவை பிசைந்து, ஈரச்சாக்கு போட்டு மூடியிருந்தது. பதிவேட்டில் ‘பைண்டர் 200 கிராம்’ என்று பூங்காவனத்தின் குண்டு எழுத்து, கீழே தனகோடியின் கையெழுத்து. நேற்றே எடுத்து வைத்திருப்பார்கள். கத்தினால்தான் வேலை நடக்கிறது.

ஜனவரி 29, திங்கள்

மிதக்கிறது!

சனிக்கிழமை எரித்த சூளையை இன்று காலை பத்து மணிக்குப் பிரித்தோம். ஏழாம் கலவையில் எட்டுக் கல். கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது, ரஸ்க் மாதிரி அவ்வளவு லேசு. வாளியில் போட்டேன். கொஞ்சம் சாய்ந்தது, பிறகு நிமிர்ந்து மிதந்தது. எட்டும் மிதந்தன. ஒன்றைக் கேஸ் அடுப்பின் மேல் ஒரு மணி நேரம் வைத்தோம். அடிப்பக்கம் தணலாகச் சிவந்த பிறகும் மேல்பக்கத்தைத் துணி பிடித்துத் தூக்க முடிந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பதிவேட்டை ஒழுங்காக எழுதியதன் பலன் இது என்று எல்லாரிடமும் சொன்னேன். பூங்காவனத்தைக்கூட முதுகில் தட்டிக்கொடுத்தேன். அவள் தனகோடியைப் பார்த்தாள். தனகோடி வாளியைப் பார்த்தார்.

இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

ஜனவரி 31, புதன்

விண்ணப்பம் போய்விட்டது. பதினோராம் கேள்வியில், ‘இம்முடிவு எத்தனை முறை திரும்பக் கிடைத்தது?’ என்று இருந்தது. மூன்று என்று எழுதினேன். இனி செய்யத்தானே போகிறோம். கொஞ்சம் முன்கூட்டி எழுதினேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 14, புதன்

எட்டாம் கலவை மூழ்கியது. ஒன்பதும் மூழ்கியது. பதிவேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, சனிக்கிழமை பிசைந்து திங்கட்கிழமை அச்சில் போட்டதுவரை அப்படியே செய்தோம். நானே நின்று பைண்டரை இருநூறு கிராம் நிறுத்துப் போட்டேன். ஏழுக்கும் எட்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. எரிச்சல் தலைக்கு ஏறுகிறது.

பிப்ரவரி 21, புதன்

நிதியத்திலிருந்து கடிதம். முதல் வடிகட்டலில் தேறிவிட்டோம். மார்ச் 7, வியாழக்கிழமை, நிபுணர் குழு நேரில் வருகிறதாம். மூன்று முறை கிடைத்ததற்கான கற்களையும் பதிவேட்டையும் பார்ப்பார்களாம். ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. இவர், “சந்தோஷமான கடிதம்தானே, ஏன் முகம் இப்படி இருக்கு?” என்று கேட்டார். தலைவலி என்றேன்.

பிப்ரவரி 24, சனி

பத்து மூழ்கியது. பதினொன்று இரண்டாகப் பிளந்து மூழ்கியது.

ஏழாம் கலவை செய்த அன்று வெயிலா, மழையா, காற்றா என்று ஞாபகம் வரவில்லை. டைரியைப் புரட்டினேன். வெயிலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் ஜனவரி 20-இல் என் கையெழுத்திலேயே இருக்கிறது: வடலூர், பை, சாவி.

மூன்று தடவை படித்தேன். முதல் நாள் சாயங்காலம் நானே டப்பாவை எடை போட்டுப் பூட்டினேன், எடை சரியாக இருந்தது. நேற்றே எடுத்து வைத்திருப்பார்கள் என்று எழுதியிருக்கிறேனே, எப்படி எடுத்திருப்பார்கள்? சாவி என்னிடம், பொடி அலமாரிக்குள். ஏழாம் கலவையில் பைண்டரே இல்லை. பதிவேடு இருநூறு கிராம் என்கிறது. ஒரு மாதமாக ஒரு பொய்யைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறேன்.

பிப்ரவரி 26, திங்கள்

எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டேன். அன்றைக்குக் கலவையில் என்னத்தைப் போட்டீர்கள்? ஒருத்தி கூட வாயைத் திறக்கவில்லை. குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துப் பட்டறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. தனகோடி மட்டும், “பதிவேட்டுல இருக்கறதுதாம்மா” என்றார். பூங்காவனம் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

பூங்காவனம் வேலைக்கு வரவில்லை. ஒன்பது வருடத்தில், அவள் மாமியார் செத்த அன்றைக்குத் தவிர, சொல்லாமல் நின்றதில்லை. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

பிப்ரவரி 28, புதன்

மணவாளநல்லூருக்குப் போனேன். பூங்காவனம் வீட்டு வாசலில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

“சீட்டக் கிழிக்கறதுன்னா அங்கயே கிழிச்சிருக்கலாமேக்கா. எதுக்கு இம்மாந்தூரம் வந்தீங்க?”

ஸ்கூட்டரில் வரும்போது பேச்சை நன்றாகத் தயார் செய்துகொண்டுதான் வந்தேன். நயமாகக் கேட்பது, மசியாவிட்டால் மிரட்டுவது. அவள் அப்படிக் கேட்டதும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நான் சொல்ல நினைக்காததுதான் வந்தது.

“நான் ஒரு பொய் எழுதியிருக்கேன், பூங்காவனம். ஒரு தடவ வந்தத மூணு தடவ வந்துச்சின்னு ஃபாரத்துல எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கேன்.”

முறம் நின்றது. எதற்கு அப்படி எழுதினீர்கள் என்று கேட்டாள். உள்ளதை எழுதினால் கொடுக்காமல் போய்விடுவார்களோ என்று பயம் என்றேன்.

“உங்களுக்குமா பயம்?” என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

பிறகு சொன்னாள். அன்று காலை அலமாரி பூட்டிக் கிடந்தது. பிசையாமல் விட்டால் நான் வந்து கத்துவேன். பைண்டர் இல்லை என்று பதிவேட்டில் எழுதினால் அதற்கும் கத்துவேன். மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டு வந்த பழையசோற்றுத் தூக்கில் புளித்த கஞ்சித் தண்ணீர் இருந்தது. துணிக்குக் கஞ்சி போட்டால் விறைப்பாக நிற்கிறதே, மண் மட்டும் நிற்காதா என்று அதை வடித்து ஊற்றினாள். போதவில்லை. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் தூக்கிலிருந்தும் வாங்கி ஊற்றினாள். திங்கட்கிழமை சாக்கைத் தூக்கிப் பார்த்தால் கலவை இட்லி மாவு மாதிரி பொங்கி நின்றது. நான் வருவதற்குள் அப்படியே அள்ளி அச்சில் போட்டுவிட்டாள்.

புளித்த கஞ்சி! பொங்கிய ஒவ்வொரு குமிழும் ஒரு துளை. வெளிநாட்டுக்காரன் என்னென்னவோ மருந்து போட்டு வரவழைக்கிற துளை.

“மெதந்த அன்னிக்காவது சொல்லியிருக்கலாமில்ல?” என்று கேட்டேன்.

“எப்பிடிக்கா சொல்றது? பதிவேட்ட ஒழுங்கா எழுதுனதாலதான் மெதந்துச்சின்னு லட்டு குடுத்துட்டீங்க. பூட்டிட்டுப் போனது நீங்கதான்னு உங்ககிட்ட யாரு சொல்றது?”

திரும்பி வரும்போது வெட்கமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. உள்ளதைச் சொன்னால் கிடைக்காது என்று நான் சென்னைக்குப் பயந்தேன். இவர்கள் எனக்குப் பயந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து இவரிடம், “அந்த டம்ளர்… போனா போவுது” என்றேன். ஒன்றரை மாதம் ஆகிவிட்டதே என்று சிரித்தார்.

மார்ச் 1, வெள்ளி

நேற்றே கஞ்சி வடித்துப் பிசைந்துவிடலாம் என்று குதித்தேன். பூங்காவனம் நடக்காது என்றுவிட்டாள். புதுக்கஞ்சி பொங்காதாம், இரண்டு நாளாவது புளிக்க வேண்டுமாம். எல்லா வீட்டிலிருந்தும் பழையசோற்றுத் தண்ணீர் வந்து சேர்ந்தது. இன்று காலை பிசைந்தோம். பட்டறை முழுக்கப் புளிச்ச வாடை. ஒருத்தி எதையோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள், நான் இருக்கும்போதே.

பதிவேட்டில் பன்னிரண்டாம் கலவை: ‘புளித்த கஞ்சி, மூன்று லிட்டர், ரேஷன் புழுங்கலரிசி.’ ஏழாம் கலவைப் பக்கத்தில் 200 கிராமை அடித்து, நடந்ததை எழுதிப் பூங்காவனம் கையெழுத்துப் போட்டாள். கீழே நானும் போட்டேன்.

மார்ச் 3, ஞாயிறு

பொங்கியது! விரல் வைத்தால் புஸ்ஸென்று இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் எல்லாரும் வந்து அச்சில் போட்டார்கள். ஒன்பது கல்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று நாள் காய்ந்து, புதன்கிழமை எரித்தால், வெள்ளிக்கிழமைதான் சூளை பிரிக்க முடியும். குழு வருவது வியாழக்கிழமை. ஒரே ஒரு நாள்.

மார்ச் 6, புதன்

காலை ஆறு மணிக்குச் சூளை மூட்டினார் தனகோடி. நாளைக் காலையிலேயே பிரித்தால் என்ன என்று கேட்டேன். சூடு ஆறாமல் கதவைத் திறந்தால் காற்றுப் பட்டு ஒன்பதும் பிளந்துவிடும், பிறகு என்னை ஒன்றும் கேட்கக் கூடாது என்றார். சரி.

மத்தியானம் ஏழாம் கலவைக் கற்களை மேஜையில் எடுத்து வைத்தேன். எட்டில் ஒன்று விண்ணப்பத்தோடு போய்விட்டது, ஏழு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பச்சை மண்ணாக இருக்கும்போதே ஆணியால் கீறிய 7. எண் இல்லாவிட்டால் எது எந்தக் கலவை என்று யாருக்குத் தெரியும் என்று ஒரு யோசனை. யோசனைதான். பூங்காவனம் வந்து, அரம் எதற்கு என்று கேட்டாள். கத்தியைத் தீட்ட என்றேன். பட்டறையில் கத்தியே கிடையாது. அவள் அரத்தையும் கல்லையும் பார்த்துவிட்டுப் போனாள்.

ஒரு கல்லில் ஏழின் வால் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. கை பட்டுத் தேய்ந்திருக்கும்.

மார்ச் 7, வியாழன்

வந்தார்கள். பேராசிரியர் இருதயராஜ், அறுபது வயதிருக்கும், சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. கூட மடிக்கணினியோடு நிதியத்து அதிகாரி, ஒரு பெண். மோர் கொடுத்தோம். பேராசிரியர் உட்காரவில்லை. என் விண்ணப்பத்தை எடுத்துப் பதினான்காம் கேள்வியில் விரலை வைத்தார்.

“தெரியாதவை ஏதுமில்லைன்னு எழுதியிருக்கீங்க. எல்லாம் தெரிஞ்சவங்க எங்ககிட்ட எதுக்குக் கேக்கறாங்கன்னு பாக்கத்தான் வந்தேன்.”

மேஜையில் ஏழு கல். மூன்று முறைக்கான கல் எங்கே என்று அதிகாரி கேட்டார். பூங்காவனம் கலவைத் தொட்டி ஓரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேராசிரியர் ஒரு கல்லை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வால் தேய்ந்த கல்லாகப் பார்த்து எடுத்தார். இது என்ன தேய்ந்திருக்கிறது என்று கேட்டார்.

“அரம், சார்,” என்றேன். “நேத்து நான்தான் தேய்ச்சேன். மூணு தடவைங்கிறது பொய். ஒரே தடவதான் வந்துச்சி. பதிவேட்டுல எழுதினதும் தப்பு. அது தப்பானதுக்கும் நான்தான் காரணம்.”

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. சாவி, வடலூர், கஞ்சி, மூழ்கிய நான்கு கலவை எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரியின் முகம் சுருங்கிவிட்டது. தவறான தகவலுக்கு விண்ணப்பத்தை நிராகரிக்க விதி இருக்கிறது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். இருக்கட்டும், அந்த விதி சரிதான் என்றேன். 

பேராசிரியர் பதிவேட்டில் அடித்துத் திருத்திய பக்கத்தை வெகுநேரம் படித்தார். பிறகு, இந்தக் கையெழுத்து யாருடையது என்று கேட்டார். பூங்காவனம் முன்னால் வந்தாள். எந்த அரிசி, எத்தனை நாள், எப்போது பொங்க ஆரம்பித்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பச்சரிசித் தண்ணீர் இப்படிப் புளிக்காது, வீட்டில் பார்த்திருக்கிறேன் என்று அவள் பதில் சொன்னாள். மூன்று தூக்கிலும் புளிப்பு ஒரே அளவா என்று கேட்டார்.

“மூணும் மூணு வீட்டுதுங்க சார். அது எனக்குத் தெரியாது.”

பேராசிரியரிடம் இவ்வளவு சுலபமாக அந்த வார்த்தையைச் சொன்னாள். அவர் அதைக் குறித்துக்கொண்டார். அங்கேதான் அவருடைய முகத்தில் முதல் தடவை ஒரு களை வந்தது.

சூளையைத் திறக்க முடியுமா என்று அதிகாரி கேட்டார். நாளைக்குத்தான் முடியும், இன்று திறந்தால் பிளந்துவிடும் என்றேன். உள்ளே நல்ல கல் இருக்கிறதா என்றும் எனக்குத் தெரியாது என்றேன். அவர்களுக்கு மூன்று மணிக்கு ரயில். பேராசிரியர் புறப்படும்போது சொன்னது இதுதான்: “பதினொன்னாவது கேள்வியும் பதினாலாவது கேள்வியும் திருத்தி எழுதி, ஏன் திருத்துனீங்கன்னும் எழுதி அனுப்புங்க. எடுத்துக்கறதும் எடுத்துக்காததும் குழு முடிவு. நான் ஒண்ணும் உறுதி சொல்ல முடியாது.”

போய்விட்டார்கள். சூளைக் கதவில் கை வைத்துப் பார்த்தேன். சுடுகிறது.

மார்ச் 8, வெள்ளி

ஒன்பது கல். ஆறு மிதந்தன. மூன்று மூழ்கின.

பழைய ஆளாக இருந்தால் ஆறை மேஜையில் வைத்து, மூன்றைச் சாக்கில் கட்டியிருப்பேன். ஒன்பதையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்தோம். மூழ்கிய மூன்றும் சூளையின் இடப்பக்கம் வைத்தவை என்று தனகோடிதான் கண்டுபிடித்தார். ஏனென்று தெரியாது.

மார்ச் 9, சனி

பதினான்காம் கேள்விக்கு ஐந்து பக்கம் எழுதினேன். எந்தப் புளிப்பு சரியானது, எத்தனை மணி நேரம், வீட்டுக்கு வீடு கஞ்சி மாறினால் கல் மாறுமா, வெயில் காலத்திலும் மழைக் காலத்திலும் ஒரே மாதிரி பொங்குமா, இடப்பக்கம் ஏன் மூழ்குகிறது. எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. ஜனவரியில் ஒரு வார்த்தையில் முடித்த கேள்வி. ‘இதைக் கண்டறிந்தவர்’ என்ற கட்டத்தில் முன்பு என் பெயர் இருந்தது. அடித்துவிட்டு பூங்காவனம் என்று எழுதினேன்.

தபாலில் சேர்க்க இவரிடம் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, “அரசி, ஒட்டிடட்டுமா?” என்று மட்டும் கேட்டார். ஒட்டுங்கள் என்றேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

பதில் இல்லை. பதினாறாம் கலவை: ஒன்பதில் ஏழு.

மே 3, வெள்ளி

முதல் கட்ட மானியம் அனுமதி. ஆறு மாதம். நாங்கள் எழுதிய பதினான்காம் பதிலையே வேலைத்திட்டமாக எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் மூழ்கியவற்றின் பட்டியலையும் அனுப்ப வேண்டுமாம். கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். இரண்டாம் பக்கம் வரும்போது பூங்காவனத்திடம் நீட்டினேன், அவள் வாங்கி மீதியைப் படித்தாள்.

மே 20, திங்கள்

கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலை எட்டரைக்குப் போனால் பட்டறை வாசலிலேயே பூங்காவனம் நின்றுகொண்டிருந்தாள். எனக்காகத்தான் நின்றிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் தரை முழுக்க வெள்ளையாகக் கலவை. தொட்டியிலிருந்து பொங்கி வழிந்து, சாக்கைத் தள்ளிவிட்டு, அச்சுகளுக்கு அடியில் ஓடிக் காய்ந்து கிடந்தது. நான்கு நாள் வேலை.

“அக்கா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். சனிக்கிழமை தண்ணியக் கொறைக்காம விட்டுட்டேன். இந்த வெயிலுக்கு ஒரே நாள்ல பொங்கிடுச்சி.”

கத்தல் தொண்டைவரை வந்துவிட்டது. பொய் சொல்வானேன், வந்துவிட்டது. ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். பதினொரு வருடத்தில் இந்தப் பட்டறையில் ஒருவர் தானாக வந்து என்னிடம் இந்த வார்த்தையைச் சொல்வது இதுதான் முதல் தடவை.

“எத்தன மணிக்கு மூடின? எவ்வளவு ஊத்தின? சொல்லு, நான் எழுதிக்கறேன்” என்று பதிவேட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். பிறகு இரண்டு பேருமாகத் தரையைச் சுரண்டினோம்.